கைராசிக்காரர் அழுத்திய பொத்தான்

ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்ததும் கடைசியாக ஒரு திரை வருமே, "வாழ்த்துக்கள்" என்று. அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதுகிறார் என்று நீங்கள் நினைத்துப் பார்த்திருக்கமாட்டீர்கள். கண்டியில் அந்த ஆள் நான்தான்.

படிப்பு முடிந்த கையோடு நானும், வத்தேகமையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் தோழியும் சேர்ந்து, நகரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே அறை எடுத்தோம். அவள் புரோகிராம் எழுதுவாள். மிச்சம் எல்லாம் என் தலையில்: கடைக்காரர்களிடம் பேசுவது, திரைகளுக்குப் படம் போடுவது, தமிழில் எழுதுவது, கீழே போய்த் தேத்தண்ணி வாங்கிவருவது. எங்கள் முதல் சரக்கு தையல் கடைகளுக்கானது. பெயர், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று உள்ளே போட்டால், எவ்வளவு துணி வேண்டும், எப்படி வெட்ட வேண்டும் என்று வெளியே வரும்.

அதில் தோழியின் பெருமை, பயிற்சிப் பகுதி. முதல் முறை திறக்கும்போது மென்பொருள் பயிற்சியில்தான் திறக்கும். எதையும் தட்டலாம், பிழை விடலாம், பெரஹர ஊர்வலத்து யானைக்கு ரவிக்கை அளவுகூடக் கொடுத்துப் பார்க்கலாம். மூடினால் எல்லாம் அழிந்து மறுபடி புதிதாக நிற்கும். பழகி முடித்தபின் மேலே வலது மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் உண்மை வேலைக்கு மாறும். விரும்பினால் அதுவரை தட்டியதையும் கூடவே கொண்டுபோகும். கம்ப்யூட்டரைத் தொடவே கூசுகிற கடைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து அவள் கண்டுபிடித்த வழி அது. நல்ல வழிதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அதை மக்களுக்குச் சொல்லிவைப்பது என் வேலை. இன்ஸ்டால் முடிந்ததும் வரும் கடைசித் திரையில் சொல்வது என்று முடிவு செய்தேன்.

இந்தக் கடைசித் திரைகள் மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. மற்றவர்கள் ஃபோனில் பூனைப் படம் சேர்ப்பதுபோல நான் இவற்றைச் சேர்ப்பேன். சில மென்பொருள்கள் முடிந்த உடனே, கேட்காமல் கொள்ளாமல், பிரவுசரைத் திறந்து ஒரு பெரிய கைநூலைக் கொட்டும். சில, டெஸ்க்டொப்பில் ஒரு கோப்பைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடும். அழித்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அது வருஷக்கணக்காக அங்கேயே கிடக்கும். புரோகிராம் எழுதுகிறவர்கள் பாவிக்கும் கறுப்புத் திரையில் கதை இன்னும் மோசம். கட்டாயம் தெரிய வேண்டிய குறிப்பு ஒன்று, பக்கம் பக்கமாக ஓடும் வரிகளுக்கு நடுவே வந்து, கண் சிமிட்டுவதற்குள் மேலே ஏறி மறைந்துவிடும். பிறகு, "வழிகாட்டியைக் காட்டு" என்று ஒரு சின்னக் கட்டம். அதில் ஏற்கெனவே சரி போட்டிருக்கும். மனிதர்கள் செய்கிற முதல் வேலை அந்தச் சரியை எடுத்துவிடுவது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. எங்கள் வீட்டு ரைஸ் குக்கரின் கைநூல் பொலித்தீன் உறை பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே இருக்கிறது; சோறு அதுபாட்டுக்கு வேகிறது.

நான் வேறு மாதிரிச் செய்து காட்டுவேன் என்று இறங்கினேன். அழகாக இருந்தால் ஏன் வாசிக்கமாட்டார்கள்? மேலே ஒரு நூல்கண்டுப் படம். அதன் கீழே, "வாழ்த்துக்கள். உங்கள் கடை இன்று ஒரு புதிய அத்தியாயத்தைத் தொடங்குகிறது" என்று ஆரம்பித்து நல்ல தமிழில் ஒரு பத்தி. அதற்கும் கீழே, பயிற்சி என்றால் என்ன, எப்படி உண்மை வேலைக்கு மாறுவது என்ற விபரம். கடைசியில் "முடிந்தது" என்று அழுத்த வேண்டிய பொத்தான். தோழி பார்த்துவிட்டு, கலியாணக் காட் மாதிரி ஈக்கு என்றாள். அவர்கள் வீட்டில் "இருக்கு" என்பதை அப்படித்தான் சொல்வார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் ஆளாக அதை வாங்கியவர், மஹய்யாவையில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தையல்கார அக்கா. அதுவரை வீட்டு முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் றோட்டோரமாக ஒரு சின்னக் கடை எடுத்திருந்தார். காரணம் ஒரு ஓடர். ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கலைவிழா. நடனமாடும் பிள்ளைகள் எல்லோருக்கும் உடை. மஹய்யாவைக்கு வெளியேயிருந்து அவருக்கு வந்த முதல் ஓடர் அதுதான். இது ஒழுங்காக நடந்தால் அந்தப் பக்கத்து மற்றப் பாடசாலைகளும் வரும். பிசகினால் பழையபடி முன்னறைக்குப் போய்ப் பாவாடைக்கு நாடா கோர்க்க வேண்டியதுதான் என்று அவரே சொன்னார். டீச்சர் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார், எல்லோரையும் ஒரே காலையில் அளந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கூட்டத்தைச் சமாளிக்கத்தான் கம்ப்யூட்டர். இனித் தாளே வேண்டாம் அக்கா, அளக்க அளக்கத் தட்டிக்கொண்டே போங்கள் என்று நான்தான் அடித்துச் சொன்னேன்.

கடை திறந்தது அதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து. அங்கே பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அக்காவுடைய பெரியப்பா. ஆனால் தெரு முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். முனிசிபல் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கைராசிக்காரர். எங்கள் பகுதியில் எந்தக் கடை திறந்தாலும் முதல் சாமான் அவர்தான் வாங்க வேண்டும். சலூன் திறந்தபோது முதல் தலைமுடி வெட்டும் அவருக்குத்தான் நடந்தது, தலையில் அவ்வளவாக ஒன்றும் இல்லாவிட்டாலும். ஆகவே, கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் செய்து கடைசித் திரையில் நிறுத்திவை, அந்தப் பொத்தானைப் பெரியப்பா அழுத்தட்டும் என்று அக்கா சொன்னதில் எனக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை. நிறுத்திவைத்தேன்.

மொனிட்டரின் மூலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். சாம்பிராணிப் புகை கீபோர்ட்டுக்குள் எல்லாம் போனது. பெரியப்பா கதிரையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாசிக்கத் தொடங்கினார். முழுக்க. ஒரு வரி விடாமல். நடுவில் தலையை ஆட்டிக்கொண்டார். பின்னால் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் நெளிந்தார்கள், எனக்கோ கால் தரையில் இல்லை. உலகத்திலேயே முதன்முறையாக ஒரு மனிதர் இன்ஸ்டாலரின் கடைசித் திரையை முழுவதும் வாசிப்பதை நான் நேரில் பார்க்கிறேன். வாசித்து முடித்து, கண்ணை ஒரு கணம் மூடி, அழுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா அந்த நேரம் பின்பக்கம் வடைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் பகல் நாங்கள் அறையில் மீன் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து கோல் வந்தது.

"புள்ள, எல்லாப் புள்ளைங்களையும் அளந்து ஏத்தியாச்சு. வேன் இப்பதான் கெளம்பிப் போச்சு. ஒரு சின்ன விசயம், ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் மஞ்சளா ஒரு கோடு விழுகுதே. அது எதுக்கு?"

மஞ்சள் கோடு என்றால் பயிற்சி. அந்த மஞ்சளைத் தெரிவு செய்தவளே நான்தான். பணிஸைக் கீழே வைத்தேன். தோழியிடம் சொன்னேன். அவள் பதறவில்லை. வலது மூலையில் பொத்தான் இருக்கிறதே, அழுத்தச் சொல்லு, அவ்வளவுதான் என்றாள். நான் அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவர் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை என்றார். பிறகு, ஒரு பெட்டியின் ஓரம் மாதிரி ஏதோ தெரிகிறது, மிச்சத்தைக் காணவில்லை என்றார். தோழி நெற்றியில் கையை வைத்தாள். அக்காவுடையது பழைய மொனிட்டர். எங்கள் பொத்தான் அவருடைய திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டிருந்தது. கீபோர்ட்டால் மாற்ற வழியில்லையா என்று கேட்டேன். அதை அடுத்த மாதம் செய்வதாக இருந்தாளாம்.

ஐப்பசி மாதத்துக் கண்டியைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து வந்தது என்ன என்று தெரிந்திருக்கும். காலையில் பளீர் என்று வெயில் அடிக்கும். சாப்பாட்டு நேரம் தாண்டினால் மலைக்குப் பின்னாலிருந்து உறுமத் தொடங்கும். முதல் உறுமலுக்கே ஊர் முழுக்க ஒரு காரியம் நடக்கும். டிவி, ஃப்ரிட்ஜ், வைஃபை என்று எல்லாப் பிளக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

"இடி இடிக்கப் பாக்குது," என்றார் அக்கா. "பிளக்கக் கழட்டிட்டு வாறேன், இரு."

"வேணாம் அக்கா. அத மட்டும் செஞ்சிராதீங்க. நிப்பாட்டினா ஏத்தினது எல்லாம் அழிஞ்சிரும்."

பிளக்கை நோக்கிப் போன செருப்புச் சத்தம் நின்றது.

"எல்லாம்னா?"

"காலையில இருந்து ஏத்தினது எல்லாம்."

"நீ ஒடனே வா," என்றார்.

சனிக்கிழமை நகரத்து நெரிசலில் த்ரீவீல் நகரவில்லை. பாதியில் இறங்கி ஓடினேன். மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து கடைக்குள் நுழைந்தபோது, பெரியப்பா சுவரில் பிளக்கை மறைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்றார். பழக்க தோஷத்தில் வீட்டு ஆட்கள் யாராவது வந்து கழற்றிவிடாமல் இருக்க அக்கா அவரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார். ஒரு முறை கழற்ற வந்த கை அக்காவுடையதேதான் என்று பிறகு தெரிந்தது.

நான் கதிரையில் விழுந்து சுட்டியைப் பிடித்தேன். திரையின் அளவை மாற்ற வேண்டும், அப்போதுதான் பொத்தான் உள்ளே வரும். பழைய கம்ப்யூட்டர், ஒவ்வொரு கிளிக்குக்கும் யோசித்தது. பெரியப்பா நின்ற இடத்திலிருந்தே பேச்சுக் கொடுத்தார்.

"நேத்து நீ எழுதியிருந்தத வாசிச்சேம்மா. எவ்வளவு மரியாதையா எழுதியிருந்த. புதிய அத்தியாயம்னு எல்லாம் போட்டு. நான் ரிட்டயராகுறப்பகூட கந்தோர்ல ஒருத்தனும் எனக்கு இப்பிடி எழுதல."

"பெரியப்பா, அதுக்குக் கீழ பயிற்சின்னு ஒண்ணு இருந்துச்சே. அதையும் வாசிச்சீங்களா?"

"வாசிச்சேனே. முதலில் பயிற்சி பெற்றுக்கொள்ளவும்னு இருந்துச்சு. எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல பயிற்சி? அதான் அழுத்திட்டேன்."

திரை ஒரு முறை கறுத்து மறுபடி வந்தது. எழுத்துக்கள் சிறுத்தன. வலது மூலையில் பொத்தான் முழுசாகத் தெரிந்தது. சுட்டியை அங்கே கொண்டுபோனேன். அப்போது ஒரு வெளிச்சம், கூடவே ஒரு வெடி. தெரு முழுக்கக் கரண்ட் போனது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பெரியப்பா இன்னும் கையை விரித்தபடியே நின்றார். நீங்க இனி உட்காரலாம் பெரியப்பா என்று அக்கா மெதுவாகச் சொன்னார். பிறகு வெட்டும் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் உடைகளுக்கான துணி, சிவப்பும் பச்சையுமாக, இன்னும் பிரிக்காத கட்டாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தப் புள்ளைங்கள திருப்பி இங்க கூட்டியாங்கன்னு டீச்சர்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது? திங்கக்கெழம நாமதான் மேல தோட்டத்துக்குப் போகணும். நீயும் வரணும். ஒன் கூட்டாளியையும் கூட்டிக்கிட்டு வா. ஒரு விசயம் இப்பவே தெளிவா இருக்கட்டும், இந்தத் தடவ நான் தாள்லயும் எழுதுவேன்."

அன்று மாலை தோழியோடு ஃபோனில் சண்டை. அவள் சொன்னாள், விபரம் திரையில் இருந்தது, வாசிக்காதது அவர்கள் பிழை. நான் சொன்னேன், வாசித்தார்கள், நான் கண்ணால் பார்த்தேன். யார் வாசித்தது என்று கேட்டாள். பெரியப்பா என்றேன். அவர் தைப்பாரா என்று கேட்டாள். அவள் கேட்டதுமே எனக்கு விளங்கியது. இன்ஸ்டாலர் செய்கிற அத்தனை பேரும் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறோம்: கடைசிப் பொத்தானை அழுத்துகிற விரல்தான் நாளைக்கு வேலை செய்யப்போகிற விரல் என்று. எங்கள் ஊரில் அது எப்போது அப்படி நடந்தது? தோழியும் சற்று யோசித்துவிட்டு, அவளுடைய வாப்பா வத்தேகமையில் கடை போட்டபோது பள்ளிவாசல் மௌலவி துஆ ஓதி, பிஸ்மி சொல்லித்தான் கம்ப்யூட்டரைப் போட்டார் என்றாள். பக்கத்துக் கடை சிங்கள முதலாளி நெக்கத் என்று நல்ல நேரம் பார்த்து, ஸ்கூல் பிரின்ஸிபலைக் கூப்பிட்டு அழுத்த வைத்தாராம். சொல்லிக்கொண்டே வந்தவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"அப்ப அந்தத் திரைய அவங்களுக்கே குடுத்திரு. வாழ்த்து மட்டும் போடு, பெரிய எழுத்துல. வேல செய்றவங்களுக்குச் செல்ல வேண்டியத நான் உள்ளுக்கு எடுக்கிறன்."

உள்ளுக்கு என்றால் எங்கே என்று அப்போது இருவருக்கும் தெரியாது. முதலில் அது ஒரு தனிப் பக்கமாக இருக்கலாம் என்று பேசினோம். பக்கம் என்றால் மூடிவிடுவார்கள். சின்ன வீடியோ? அக்காவுக்கு டேட்டா பத்தாது. முடிவில்லாமலே ஃபோனை வைத்தோம்.

திங்கள் காலை மூவரும் ஹுன்னஸ்கிரிய பஸ் ஏறினோம். தெல்தெனிய தாண்டி ஏற ஏற ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டம். கலைவிழாவுக்கு நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது, இன்னும் ஒரு துணியிலும் கத்தரி படவில்லை. டீச்சர் என்ன சொல்வாரோ என்பதுதான் அக்காவின் கவலை. டீச்சர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. மறுபடியுமா என்று மட்டும் கேட்டு, ஒரு வகுப்பறையை ஒதுக்கித் தந்தார்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி டீச்சர் ஒரு நீளமான அறிவுரை சொன்னார். ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டும், நேராக நிற்க வேண்டும், சொல்லும்போது கையை விரிக்க வேண்டும், மூச்சை இழுத்துப் பிடிக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது. எல்லோரும் "ஓகே டீச்சர்" என்றார்கள். முதல் பிள்ளை ஸ்வெட்டரோடு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி வந்து நின்றது.

அக்கா ஒன்றும் கோபப்படவில்லை. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, "இத கழட்டு" என்றார். கழற்றியது. தோளை அளந்தார். "கைய விரி." விரித்தது. மார்பை அளந்தார். "மூச்ச விடு." விட்டது. ஒவ்வொன்றும் அதற்கான நேரம் வந்தபோது, ஒரே ஒரு சொல்லாக. அளவை அவர் சொல்லச் சொல்ல, தோழி மடிக்கணினியில் தட்டினாள், இம்முறை பயிற்சி நீக்கிய நிலையில். நான் தாளில் எழுதினேன். ஐந்தாறு பிள்ளைகள் போனபிறகு நான் தோழியை முழங்கையால் இடித்தேன். அவள் தலை நிமிராமலே, "கண்டுட்டன். எழுது," என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு சாய்ந்து சாய்ந்து தட்டினாள். கண்டியில் இறங்கியபோது முடித்திருந்தாள். நேராகக் கடைக்குப் போனோம். நல்ல நேரமா என்று யாரும் பார்க்கவில்லை. புதிய பதிப்பைப் போட்டு, கதிரையை அக்காவுக்கு விட்டோம். தோழியின் மடிக்கணினியில் இருந்ததை அப்படியே மாற்றிக் கொடுத்திருக்கலாம். அக்கா சம்மதிக்கவில்லை. தானே தட்டுவதாகச் சொல்லி, தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பிள்ளையின் பெயரைத் தட்டினார்.

பெயருக்கு நேர் கீழே, திரையின் நடுவில், ஒரு வரி வந்தது. இதைப் பத்திரமாக வைக்கவா, சும்மா பழகிப் பார்க்கிறீர்களா? இரண்டு பெரிய பொத்தான்கள். பழைய மொனிட்டரிலும் தப்பிக்க முடியாத அளவு பெரியவை. அக்கா அதைச் சத்தமாக வாசித்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இத சனிக்கிழம கேட்டிருந்தா என்னா?"

அவர் "பத்திரமாக வை" என்பதை அழுத்தினார். மஞ்சள் கோடு வரவில்லை. அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர் என்று தட்டிக்கொண்டே போனார். அந்த வரி மறுபடி வந்து தொந்தரவு செய்யவில்லை. எல்லோரையும் ஏற்றி முடித்ததும் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். நாங்கள் என்ன என்று கேட்பதற்குள், சுவர்ப் பக்கம் போய்ப் பிளக்கைக் கழற்றினார்.

திரை இருண்டது. தோழி என் கையைப் பிடித்தாள். அக்கா பிளக்கை மறுபடி சொருகி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கம்ப்யூட்டர் எழும்புகிற வேகத்துக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிடலாம். கடைசியில் எழும்பியது. அக்கா குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு, தாளில் இருந்த ஒவ்வொரு பெயரையும் திரையில் சரிபார்த்தார். ஒரு பிள்ளையும் குறையவில்லை.

அதன் பிறகுதான் அவர் துணிக்கட்டைப் பிரித்தார். சிவப்பை மேசைமேல் உதறி விரித்துவிட்டு, கோடு போடச் சோக்கட்டியைத் தேடினார்.

"வாசல மறைக்காம நில்லுங்க ரெண்டு பேரும்," என்றார். "வெளிச்சம் வரணும்."